அஞ்சல் துறை உயர் அதிகாரி பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அஞ்சல் கோட்ட அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், இன்னும் பணியில் இருக்கும் ஜி.டி.எஸ். (கிராமிய அஞ்சல் ஊழியர்) தோழர்கள் எனப் பலரும் என்னிடம் அதே சந்தேகங்களைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் விதிகளும் இருக்கும், என் சொந்த அபிப்பிராயமும் இருக்கும்.

போஸ்ட் மாஸ்டர்தானே அஞ்சல் துறையில பெரிய ஆபீசர்?

இல்லை. போஸ்ட் மாஸ்டர் ஓர் அஞ்சலகத்துக்குப் பொறுப்பாளர், அவ்வளவுதான். கிராமத்தில் கிளை அஞ்சலகம், அதன் கணக்கு போய்ச் சேரும் துணை அஞ்சலகம், அதற்கும் மேலே தலைமை அஞ்சலகம் என்று அலுவலகங்கள் மூன்று படியாக இருக்கின்றன. இவற்றை மேற்பார்க்கும் அதிகாரிகளின் வரிசை தனி. சில கிளை, துணை அஞ்சலகங்களைச் சேர்த்தால் ஓர் உட்கோட்டம், அதற்கு ஆய்வாளர் அல்லது உதவிக் கண்காணிப்பாளர். உட்கோட்டங்கள் சேர்ந்தால் கோட்டம், அதற்குக் கண்காணிப்பாளர் அல்லது முதுநிலைக் கண்காணிப்பாளர். கோட்டங்கள் சேர்ந்தால் மண்டலம். அதன் தலைவரைத்தான் பி.எம்.ஜி., அதாவது அஞ்சல்துறைத் தலைவர் என்கிறோம். மண்டலங்கள் சேர்ந்தால் வட்டம், அதற்கு சி.பி.எம்.ஜி. எனப்படும் முதன்மை அஞ்சல்துறைத் தலைவர்.

நாட்டில் 23 அஞ்சல் வட்டங்கள் உள்ளன. ராணுவத்துக்கென உள்ள தள வட்டம் தனி. தமிழ்நாடு வட்டத்தில் சென்னை மாநகரம், திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய மண்டலம், மதுரையைக் கொண்ட தென் மண்டலம், கோவையைக் கொண்ட மேற்கு மண்டலம் என நான்கு மண்டலங்கள். புதுச்சேரியும் காரைக்காலும் நம் வட்டத்தில்தான் வருகின்றன.

டெல்லியில யாரு பெரியவர்? டி.ஜி.யா, செக்ரட்டரியா?

செயலர்தான். அஞ்சல் துறையின் செயலர், அஞ்சல் சேவை வாரியத்துக்கும் தலைவர். பணியாளர் நலன், இயக்கம், தொழில்நுட்பம், வங்கிச் சேவை, காப்பீடு, திட்டமிடல் ஆகியவற்றை வாரிய உறுப்பினர்கள் கவனிக்கிறார்கள். தலைமை இயக்குநர், அதாவது டி.ஜி., துறையின் அன்றாட நிர்வாகத்தைப் பார்ப்பவர்.

இவற்றில் டி.ஜி. பதவிதான் பழையது. 1854-இல் டல்ஹௌசி காலத்தில் அஞ்சல் சட்டம் வந்து, நாடு முழுவதும் தூரம் பார்க்காமல் ஒரே கட்டணம் என்று ஆனபோது, ரிடெல் என்பவர் முதல் தலைமை இயக்குநரானார். அதன் பிறகு தபாலும் தந்தியும் நெடுங்காலம் ஒரே துறையாக இருந்தன. 1985-இல்தான் அஞ்சல் துறையும் தொலைத்தொடர்புத் துறையும் தனித்தனியாகப் பிரிந்தன.

இதுக்குன்னு தனியா பரீட்சை இருக்கா?

கிடையாது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். பதவிகளுக்கு எழுதும் அதே யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வுதான். தரவரிசை, விருப்ப வரிசை, இட ஒதுக்கீடு ஆகியவற்றைப் பொறுத்து இந்திய அஞ்சல் பணி கிடைக்கும். இது 'ஏ' பிரிவு மத்தியப் பணி. ஏதாவது ஒரு பட்டம் போதும். வயது 21 முதல் 32 வரை. பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 35, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 37 வரை. தேர்வு விதிகள் அவ்வப்போது மாறுவதால் அந்தந்த ஆண்டின் அறிவிக்கையையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

யு.பி.எஸ்.சி. வழி தவிர, துறைக்குள் இருந்தே பதவி உயர்வில் வருகிறவர்களும் உண்டு. அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

பயிற்சி எங்க நடக்கும்?

முசோரி போன்ற இடத்தில் மற்றப் பணியினரோடு சேர்ந்து அடிப்படைப் பயிற்சி. அப்புறம் காஜியாபாத்தில் உள்ள ரஃபி அகமது கித்வாய் தேசிய அஞ்சல் அகாதமி. சுதந்திர இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு அமைச்சரின் பெயர் அது. இடையிடையே களப் பயிற்சிக்கு வட்டங்களுக்கும் அனுப்புவார்கள்.

களப் பயிற்சிதான் முக்கியம் என்பது என் எண்ணம். கவுன்டரில் உட்கார்ந்து ஒரு நாள் கணக்கை முடித்துப் பார்த்தவருக்கும், அதைப் புத்தகத்தில் மட்டும் படித்தவருக்கும் உள்ள வித்தியாசம் அவர் போடும் முதல் உத்தரவிலேயே தெரிந்துவிடும். எழுத்தர்களுக்கும் தபால்காரர்களுக்கும் தனிப் பயிற்சி மையங்கள் உண்டு. நம் பக்கத்துப் பிள்ளைகள் மதுரை மையத்துக்குப் போவார்கள்.

பொண்ணுக்கு அஞ்சல் பணி கிடைச்சிருக்கு. ஐ.ஏ.எஸ். கிடைக்கலன்னு அழறா. சேரச் சொல்லலாமா?

சேரச் சொல்லுங்கள். வருத்தம் இருக்கத்தான் செய்யும். இத்தனை வருடம் படித்தது வேறு ஒன்றை மனதில் வைத்து. ஆனால் 'சின்ன வேலை' என்று மட்டும் அவர் நினைக்க வேண்டாம். நாட்டில் 1.64 லட்சத்துக்கு மேல் அஞ்சலகங்கள் இருக்கின்றன. அவற்றில் பத்துக்கு ஒன்பது கிராமங்களில். முப்பது வயதுக்குள் ஒரு கோட்டத்தின் பொறுப்பு கைக்கு வரும்போது, வங்கிக் கிளை எட்டிப் பார்க்காத ஊர்களின் சேமிப்பு முழுக்க அவர் மேற்பார்வைக்குள் வந்துவிடும்.

இரண்டு விஷயங்களை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஒன்று, மாவட்ட ஆட்சியருக்கு ஊரில் இருக்கும் வெளிச்சம் இந்தப் பதவிக்குக் கிடையாது. சைரன் வைத்த வண்டி, துப்பாக்கிக் காவலர் எதுவும் இல்லை. இரண்டு, பணியிடம் இந்தியா முழுவதும். வடகிழக்கிலோ காஷ்மீரிலோ சில வருடங்கள் இருக்க நேரலாம். இரண்டையும் ஏற்றுக்கொண்டு வந்தவர்கள் சந்தோஷமாக வேலை பார்த்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

முதல் போஸ்டிங்ல என்னதான் வேலை?

பெரும்பாலும் ஒரு கோட்டத்துக்கு முதுநிலைக் கண்காணிப்பாளர். இல்லையென்றால் ரயில் அஞ்சல் சேவை எனப்படும் ஆர்.எம்.எஸ். கோட்டத்துக்குப் பொறுப்பு, அல்லது வட்ட அலுவலகத்தில் ஒரு பிரிவு. கோட்டத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், அங்கேதான் நான் இருந்தேன்.

காலையில் மேசைக்கு வருபவை: எந்த அலுவலகத்தில் ஆள் இல்லை, எங்கே தபால் கட்டு வரவில்லை, எந்தக் கிளை அஞ்சலகத்தில் இருப்புப் பணம் அளவுக்கு மேல் நிற்கிறது, எந்த ஊரில் இணையம் படுத்துவிட்டது. இவற்றோடு சேமிப்புக் கணக்கு, காப்பீடு ஆகியவற்றுக்கு மேலிடம் வைத்த இலக்கு. அப்புறம் ஆண்டு ஆய்வுகள். தலைமை அஞ்சலகத்துக்கும் பெரிய துணை அஞ்சலகங்களுக்கும் அவரே போய் ஆய்வு செய்ய வேண்டும். கிளை அஞ்சலகங்களை உட்கோட்ட ஆய்வாளர் பார்ப்பார். ஆனால் நல்ல கண்காணிப்பாளர் அதோடு விடமாட்டார். முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு குக்கிராமத்தில் போய் இறங்கி, நான்கு வீட்டில் பாஸ்புக்கை வாங்கி, அதில் எழுதியிருப்பது அலுவலகக் கணக்கிலும் இருக்கிறதா என்று ஒத்துப் பார்ப்பார்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அஞ்சலக மோசடிகளில் அதிகம் அடிபடுவது கிராமத்து மக்கள். மாதா மாதம் கட்டும் தொகை பாஸ்புக்கில் ஏறியிருக்கும், அரசுக் கணக்கில் ஏறியிருக்காது. போஸ்ட் மாஸ்டர் தெரிந்தவர் என்ற நம்பிக்கையில் யாரும் கேட்கமாட்டார்கள். கணினி வந்த பிறகு இது குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. அதிகாரி வெயிலில் இறங்கி நடந்த கோட்டத்தில் இப்படிப்பட்டது முளையிலேயே பிடிபடும்.

சார்ஜ் ஷீட் கொடுக்கிற அதிகாரம் அவருக்கு இருக்காமே? ரூல் 14, ரூல் 16ன்னா என்ன?

1965-ஆம் ஆண்டின் மத்திய குடிமைப் பணி ஒழுங்குமுறை விதிகள் அவை. 16-ஆம் விதி சிறு தண்டனைக்கான வழி: கண்டனம், ஊதிய உயர்வை நிறுத்துதல், துறைக்கு ஏற்பட்ட நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடித்தல் போன்றவை. 14-ஆம் விதி பெரிய தண்டனைக்கான விசாரணை முறை. பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, பணி நீக்கம் எல்லாம் இதன்கீழ் வரும். விசாரணை அதிகாரி, சாட்சிகள், குறுக்கு விசாரணை என்று ஏறக்குறைய நீதிமன்றம் போலவே நடக்கும். கண்காணிப்பாளரின் உத்தரவை எதிர்த்து 45 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதை மண்டலத்தில் உள்ள இயக்குநர் பார்ப்பார். அதிலும் நியாயம் கிடைக்கவில்லை என்றால் 29-ஆம் விதியின்கீழ் மறுபரிசீலனை கேட்டு மேலே போகலாம்.

ஒரு மோசடி நடந்தால், செய்தவரிடமிருந்து பணம் வராதபோது, 'உன் கவனக்குறைவும் இதற்குத் துணை போனது' என்று கவுன்டரில் இருந்தவர், சரிபார்த்தவர், தலைமை அஞ்சலகத்தில் கணக்குப் பார்த்தவர் என எல்லோர் மேலும் 16-ஆம் விதியில் பிடித்தம் போடும் வழக்கம் துறையில் உண்டு. உண்மையிலேயே தவறியவருக்கு அது சரி. ஆனால் ஒரே ஆள் மூன்று பேர் வேலையைப் பார்த்த நாளில் ஒரு கையெழுத்து விட்டுப்போனதற்காகப் பெண்ணின் கல்யாணச் செலவு நேரத்தில் சம்பளம் குறைந்து நின்ற ஊழியர்களை நான் பார்த்திருக்கிறேன். ஓர் உயர் அதிகாரியின் தரம் இந்தக் கோப்பில் தெரியும். யார், எந்த நாளில், எந்த விதியை மீறினார், அந்த மீறலால்தான் நஷ்டம் வந்ததா என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பார்த்து எழுதுகிறவர் ஒரு ரகம். நஷ்டத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துவிடுகிறவர் இன்னொரு ரகம். பிந்தைய உத்தரவுகள் மேல்முறையீட்டிலோ தீர்ப்பாயத்திலோ நிற்பது கடினம்.

சம்பளம் எவ்வளவு வரும்?

7-ஆவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய். பி.எம்.ஜி. நிலைக்கு வரும்போது 1,44,200-இல் தொடங்கும், பெரிய வட்டத்தின் சி.பி.எம்.ஜி. நிலையில் 1,82,200. உச்சியில் டி.ஜி.யும் செயலரும் 2,25,000. அகவிலைப்படி தனி. தொடக்க ஊதியம் ஐ.ஏ.எஸ்.ஸுக்கும் இதேதான்.

எத்தனை வருஷத்துல பி.எம்.ஜி. ஆகலாம்?

ஒரே கணக்காகச் சொல்ல முடியாது. கண்காணிப்பாளர், இயக்குநர், பி.எம்.ஜி., சி.பி.எம்.ஜி., வாரிய உறுப்பினர் என்பதுதான் வரிசை. அடுத்த படி காலியிடத்தைப் பொறுத்தது. ஓய்வு வயது 60. எனவே எந்த வயதில் பணிக்கு வந்தார் என்பது கடைசியில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். 23 வயதில் வந்தவருக்கு வாரியம் வரை நேரம் இருக்கிறது. 35-இல் வந்தவருக்கு அது சிரமம்.

நான் ஜி.டி.எஸ். என்னால அந்த நாற்காலிக்குப் போக முடியுமா?

வழி இருக்கிறது, நீண்ட வழி. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து ஜி.டி.எஸ். ஆக வந்தவர், துறைத் தேர்வு எழுதித் தபால்காரர் அல்லது எம்.டி.எஸ். எனப்படும் பல்பணி ஊழியர் ஆகலாம். அங்கிருந்து இன்னொரு தேர்வில் அஞ்சல் உதவியாளர். சில வருடப் பணிக்குப் பிறகு ஆய்வாளர் தேர்வு. இதுதான் பலரும் தடுக்கி நிற்கும் இடம். ஆய்வாளரிலிருந்து உதவிக் கண்காணிப்பாளர், பிறகு 'பி' பிரிவுக் கண்காணிப்பாளர், அதிலிருந்து பதவி உயர்வில் 'ஏ' பிரிவு இந்திய அஞ்சல் பணி. இப்படி வந்தவர்களுக்குத் துறையின் ஒவ்வொரு படிவமும் கைரேகை மாதிரி தெரியும். அவர்களிடம் எந்தக் கோப்பிலும் சாக்கு சொல்ல முடியாது.

வயதை மட்டும் கவனியுங்கள். இருபதுகளில் இருந்தால் இந்தப் படிகளையும் யு.பி.எஸ்.சி.யையும் சேர்த்தே முயலுங்கள். இன்னொன்று: ஜி.டி.எஸ். என்றால் பாதுகாப்பே இல்லாத வேலை என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுடையது குடிமைப் பதவிதான் என்று உச்ச நீதிமன்றம் 1977-லேயே சொல்லிவிட்டது. விசாரணை இல்லாமல் வெளியே அனுப்ப முடியாது.

இப்ப யாரு சார் லெட்டர் போடறாங்க? துறையே மூடிடுவாங்கன்னு சொல்றாங்களே, இதை நம்பி வரலாமா?

சொந்தக் கடிதம் குறைந்தது உண்மை. வேலை குறையவில்லை. செல்வமகள் கணக்கு, மாதாந்திர வருமானத் திட்டம், மூத்த குடிமக்கள் சேமிப்பு எல்லாம் அஞ்சலகத்தில் நடக்கின்றன. அஞ்சல் ஆயுள் காப்பீடு 1884-இல் தபால் ஊழியர்களுக்காகத் தொடங்கியது, இன்று அதன் வட்டம் எவ்வளவோ பெரிது. 2017 முதல் அஞ்சலகங்களில் பாஸ்போர்ட் சேவை மையங்கள். 2018 செப்டம்பர் 1-இல் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி. 2020 பொதுமுடக்கத்தில் வெளியே போக முடியாத முதியவர்களின் வங்கிப் பணத்தை ஆதார் கைரேகை வழியாக எடுத்து வீட்டு வாசலில் கொடுத்தவர்கள் தபால்காரர்கள்தான். ஓய்வூதியர்களின் உயிர்வாழ் சான்றையும் இன்று வீட்டுக்கே வந்து பதிகிறார்கள்.

தபாலிலும் மாற்றம் நடக்கிறது. 2025-இல் பதிவுத் தபால், 1986-இல் தொடங்கிய விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. பதிவுத் தபால் ஏழைகளின் சட்டச் சான்றாக இருந்தது. ஆக, இப்போது சேரும் அதிகாரி வங்கி, காப்பீடு, பார்சல், மென்பொருள் எல்லாம் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

ராணுவத்துக்கும் போகலாம்னு கேள்விப்பட்டேன். நிஜமா?

நிஜம். ராணுவ அஞ்சல் பணிக்கு அயல்பணியில், அதாவது டெபுடேஷனில் போகலாம். சீருடை, ராணுவப் பதவி இரண்டும் கிடைக்கும். அந்தப் பிரிவின் தலைமைப் பதவி மேஜர் ஜெனரல் நிலை. வீரர்களுக்கு எழுதும்போது '56 ஏ.பி.ஓ.', '99 ஏ.பி.ஓ.' என்று ராணுவ அஞ்சலக முகவரி போடுகிறோமே, அந்தக் கடிதங்களை எல்லைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது இவர்கள் வேலை. மற்ற மத்திய அமைச்சகங்களுக்கும் அயல்பணி உண்டு. வெளிநாட்டு வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. வாரிய உறுப்பினராக இருந்த வினய பிரகாஷ் சிங், பாங்காக்கில் உள்ள ஆசிய பசிபிக் அஞ்சல் ஒன்றியத்தின் தலைமைக்குப் போனார்.

என்னதான் இருந்தாலும் மேல உட்கார்றது ஐ.ஏ.எஸ்.காரங்கதானே?

அப்படி ஒரு விதி இல்லை. வினீத் பாண்டே, வந்திதா கவுல் ஆகியோர் இந்திய அஞ்சல் பணியிலிருந்தே செயலர் ஆனவர்கள். கண்காணிப்பாளராகக் கட்டு வரவில்லை என்று கவலைப்பட்டவர்தான் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும் என்பது என் ஆசையும்கூட.

இந்தத் துறை அதிகாரி ஒருத்தர் செஞ்சதுன்னு சொல்ற மாதிரி ஏதாவது பெரிய காரியம் இருக்கா?

உங்கள் முகவரியின் கடைசி ஆறு இலக்கம். ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர், அஞ்சல் தந்தி வாரியத்தின் மூத்த உறுப்பினராக இருந்து கொண்டுவந்த திட்டம் பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15-இல் நடைமுறைக்கு வந்தது. ஒரே பெயரில் பல ஊர்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு மொழியில் எழுதும் முகவரி என்று பிரிப்பகங்கள் திணறிக்கொண்டிருந்த காலம். முதல் இலக்கம் பெரும் பகுதியையும் முதல் மூன்றும் சேர்ந்து பிரிப்பு மாவட்டத்தையும் கடைசி மூன்று பட்டுவாடா அஞ்சலகத்தையும் காட்டும். எட்டு பகுதிகள் நிலத்துக்கு, ஒன்பதாவது ராணுவத்துக்கு. தமிழ் தெரியாத ஊழியர்கூட 6-ஐப் பார்த்ததும் கட்டைத் தெற்கே அனுப்பிவிடுவார். வேலங்கர் சமஸ்கிருதத்தில் கவிதையும் நாடகமும் எழுதியவர் என்பது பலருக்குத் தெரியாது.

பி.எம்.ஜி.க்கு நேரா மனு எழுதினா வேலை நடக்குமா?

நடக்கும், ஆனால் வரிசை தெரிந்து எழுதுங்கள். முதல் கேள்வியில் சொன்ன படிகளை வைத்து, உங்கள் அஞ்சலகத்தின் கோட்டம் எது என்று பார்த்து முதலில் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள். நேராக மண்டலத்துக்கு எழுதினாலும் அது அறிக்கை கேட்டுக் கோட்டத்துக்குத்தான் இறங்கி வரும், நாட்கள்தான் போகும். கோட்டத்தில் தீராவிட்டால் மண்டலத்துக்கு, அப்புறம் வட்டத்துக்கு. 'டாக் அதாலத்' என்ற குறைதீர்ப்பு அமர்வுகளும் நடக்கின்றன, அறிவிப்பு செய்தித்தாளில் வரும்.

மனுவில் கோபம் குறைவாகவும் விவரம் அதிகமாகவும் இருக்கட்டும். ரசீது எண், அனுப்பிய தேதி, அஞ்சலகத்தின் பெயர், சேமிப்பு என்றால் கணக்கு எண், ரசீதின் நகல். இவை இருந்தால் கோட்ட எழுத்தர் அன்றைக்கே கோப்பை நகர்த்திவிட முடியும்.

கவர்ல இருக்கிற லெட்டரைப் பிரிச்சுப் படிக்க ஒரு பெரிய ஆபீசருக்கு அதிகாரம் இருக்கா?

தன் இஷ்டத்துக்குக் கிடையாது. பதவி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சட்டத்தில் இடம் இருந்தால்தான் முடியும். 1898-ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக அரசு தபாலை இடைமறிக்க வழி வைத்திருந்தது. அதை விரிவாக்கி 1986-இல் ஒரு திருத்த மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதற்கு ஒப்புதல் தராமலே வைத்திருந்தார், அது சட்டமாகவே ஆகவில்லை.

பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023-ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடப்பில் இருக்கிறது. நாட்டின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக, மத்திய அரசு அறிவிக்கை மூலம் அதிகாரம் தந்த அதிகாரி தபாலை இடைமறிக்கலாம், திறக்கலாம், நிறுத்தி வைக்கலாம் என்று அதன் 9-ஆவது பிரிவு சொல்கிறது. 'அவசரநிலை' எது என்று சட்டத்துக்குள்ளேயே வரையறுத்திருக்க வேண்டும் என்று நாடாளுமன்ற விவாதத்தில் கேட்டவர்கள் பக்கம்தான் நான். ஊழியர் யாராவது அனுமதியில்லாமல் உறையைப் பிரித்தால், மேலே சொன்ன 14-ஆம் விதி அவருக்காகக் காத்திருக்கிறது. உங்களுக்கு வந்த உறை கிழிந்தோ மறுபடி ஒட்டியோ இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே தபால்காரரிடம் காட்டி, அஞ்சலகத்திலேயே எடை பார்த்துத் திறந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள்.